வேண்டாம் என்கிற பொத்தான்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஓர் உரிமை உண்டு. பாயச வாளியோடு வருகிறவர் எத்தனை வற்புறுத்தினாலும் சரி, இலைக்கு மேலே கையை விரித்து நீட்டிவிட்டால் விவகாரம் தீர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விடுவார். அப்படிப் போகாமல், விரித்த கையின் மேலேயே ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "கொஞ்ச நாள் போனால் உங்களுக்கே பிடித்துவிடும்" என்று ஒருவர் சொல்வாரானால், அவரை உபசாரி என்று நாம் சொல்ல மாட்டோம். வேறு ஏதாவது பெயர் வைத்திருப்போம்.

கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிற பெரிய கம்பெனிகள் இன்று அந்த வேறு பெயருக்குத்தான் தகுதியானவை என்பது என் கட்சி.

நாவலின் ஓர் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண், தன் புருஷனிடம் இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாயைத் திறக்கிற இடம். அப்போது திரையின் நடுவே ஒரு சதுரம் வந்து நிற்கிறது. 'புதிய பதிப்பு தயாராக இருக்கிறது' என்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'இப்போதே.' மற்றொன்று, 'பிறகு நினைவூட்டு.' அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை அழுத்தாமல் அந்தச் சதுரம் நகராது. பெண் வாயைத் திறந்தபடியே நிற்கிறாள்.

எந்தக் கம்பெனியின் சரக்கு என்பது இங்கே முக்கியமில்லை. எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த இரண்டு பதில்களையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒரே பதில்தான். ஒன்று இன்றைக்குச் 'சரி' என்கிறது, இன்னொன்று நாளைக்குச் 'சரி' என்கிறது. மூன்றாவதாக ஒரு பதில் நம்முடைய பாஷையில் இருக்கிறது. பேச்சு வந்த குழந்தைக்கே அது தெரியும். 'வேண்டாம்' என்பது அந்தப் பதில். அதைச் சொல்ல அந்தச் சதுரத்தில் இடமே வைக்கவில்லை. வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது 'நாளைக்கு வா' என்று சொல்கிறோமே, அந்த நிலைமையில் நம்மை வைத்திருக்கிறார்கள். ஆனால் வட்டிக்காரனிடம் நாம் கடன் வாங்கியிருந்தோம். இங்கே காசு கொடுத்தவர்கள் நாம்.

புதுமை என்றாலே முகம் சுளிக்கிற பேர்வழி என்று என்னை எண்ணிவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் எழுதுவது எனக்குச் சௌகரியமாகவே இருக்கிறது. அதனுடைய கோணல்கள்கூட எனக்குப் பிடிக்கும். 1995 ஆகஸ்டு 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. யந்திரத்தை நிறுத்த வேண்டுமென்றால் 'ஸ்டார்ட்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும் என்று அதிலே வைத்தார்கள். நிறுத்துவதற்கு 'ஆரம்பம்'! அந்தக் காலத்து மக்கின்டாஷில் பிளாப்பித் தகட்டை வெளியே எடுக்க வேண்டுமானால், அதன் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியின் மேல் போட வேண்டும். முதல் தடவை செய்தவர்களுக்கு உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று நெஞ்சு பதறியிருக்கும். அழியாது. தகடு சமர்த்தாக வெளியே வரும். அந்தத் தகட்டைக் கண்ணாலேயே பார்த்திராத பிள்ளைகள் இன்றும் அதன் படத்தை அழுத்தித்தான் பாடத்தைச் சேமிக்கிறார்கள்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு இன்னும் வேடிக்கை. 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில், சொல்லுக்கு முன்னால் நின்று அழித்தால் 'கொ' என்ற எழுத்து முழுசாகப் போய்விடும். அதே எழுத்தைப் பின்னால் நின்று அழித்தால் கொம்பும் காலும் மட்டும் போய், 'க' மொட்டையாக உட்கார்ந்திருக்கும். முன்னால் நின்றால் கொலை, பின்னால் நின்றால் அங்கஹீனம். இதற்கு யூனிகோடு சம்பந்தமாக ஒரு காரணம் உண்டு: 'க' என்ற எழுத்துக்கு ஓர் எண், கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து வேறோர் எண். காரணம் தெரியாதவர்களின் விரலும் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்கிறது. பழகிய பிறகு அது கோணலே இல்லை. கையின் ஒரு பாகம்.

நான் சொல்ல வருவது இதுதான். கோணல் இருக்கலாம். ஆனால் வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஆங்கிலத் தட்டச்சின் எழுத்து வரிசையைப் பாருங்கள். 1870-களில் அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் வகுத்தது. அதைவிடச் சிறந்தது என்று 1936-இல் ட்வோராக் என்பவர் ஒன்றைப் பதிவு செய்தார். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், கோடிக்கணக்கான விரல்கள் பழையதைக் கற்றுவிட்டன. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு விசைப்பலகை வகுத்தாரே, அதிலும் கோணல் உண்டு. புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், அது நகராமல் நிற்கும், அப்புறம் எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் உட்காரும். நம் ஊர்த் தட்டெழுத்துப் பள்ளிகளில் எத்தனையோ ஏழைப் பெண்கள் அந்தப் புள்ளியைக் கற்றுக்கொண்டு பரீட்சை எழுதி, உத்தியோகத்துக்குப் போய், தங்கள் குடும்பங்களைக் கரையேற்றினார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' என்ற நல்ல விசைப்பலகையை ஏற்றுக்கொண்டபோதும் பழையதை யாரும் அவர்கள் விரலிலிருந்து பிடுங்கவில்லை. இன்றைக்கும் தமிழ் அடிக்கிற மென்பொருள் எதையாவது திறந்து பாருங்கள். 'டைப்ரைட்டர் முறை' என்று அது ஒரு மூலையில் மரியாதையோடு உட்கார்ந்திருக்கும். புதியதைக் கொண்டுவருகிற லட்சணம் அது.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்த லட்சணம் ஒரு காலத்தில் தெரிந்துதான் இருந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது ஸ்டார்ட் மெனுவைப் புது மாதிரியாக மாற்றினார்கள். பிடிக்காதவர்கள் பழைய மெனுவையே வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே ஓர் ஏற்பாடும் செய்திருந்தார்கள். அந்த நாகரிகம் எப்போது செத்தது? 2007-ஆம் வருஷத்து ஆபீஸில் என்று நினைக்கிறேன். வருஷக்கணக்காகப் பழகிய மெனுக்களைத் தூக்கிவிட்டு 'ரிப்பன்' என்ற பட்டையை ஒட்டினார்கள். ரிப்பன் நல்லதாகவே இருக்கலாம். புதிதாக வருகிறவனுக்கு அதில் பல சங்கதிகள் கண்ணில் படுகின்றன என்பது வாஸ்தவம். ஆனால் பழைய மெனுதான் வேண்டும் என்கிறவனுக்கு அதில் ஒரு வழியும் வைக்கவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது. பதினேழு வருஷமாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானையே காணோம்! உலகம் முழுவதும் கூச்சல் எழுந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 2021-இல் விண்டோஸ் 11-இல் அதை நடுவுக்கு நகர்த்தினார்கள். அதை மூலைக்குத் தள்ளிக்கொள்ளவாவது இடம் கொடுத்தார்கள். அடிப்பட்டையையே திரையின் மேலேயோ பக்கத்திலேயோ வைத்துப் பழகியிருந்தவர்களுக்கு அந்தப் பதிப்பு வந்தபோது அதுவும் இல்லை. ஆப்பிள் மட்டும் சளைத்ததா? 2025 செப்டம்பரில் ஐபோன் திரை முழுவதையும் கண்ணாடியாக்கினார்கள். கண்ணாடி வழியாகப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தது. முன்னால் இருந்த எழுத்துத்தான் தெரியவில்லை. சாயத்தைக் கூட்டிக்கொள்ள ஓர் ஏற்பாடு நவம்பரில் வந்தது.

இவற்றைக்கூட ரசனை வித்தியாசம் என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாத ஒன்று 2016-இல் நடந்தது. விண்டோஸ் 10-ஐ இலவசமாகத் தருகிறோம் என்று மைக்ரோசாப்ட் கம்பெனி வீடு தேடி வந்த வருஷம் அது. அழைப்புச் சதுரத்தின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. பெருக்கல் குறி என்றால் 'மூடு, போ' என்று அர்த்தம். அந்தக் கம்பெனியே இருபது வருஷமாக உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அது. அந்த வருஷம் மே மாதத்தில், அதை அழுத்தினவர்களுக்கெல்லாம் குறித்த நேரத்தில் புதிய விண்டோஸ் தானாக ஏறிவிட்டது. சதுரத்தை மூடியதைச் சம்மதமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இலையின் மேல் விரித்த கையையே 'போடு' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் பிரயாண ஏற்பாடு செய்து பிழைக்கிற ஓர் அம்மாள், தாம் கேட்காமலே ஏறிய புதிய விண்டோஸால் தம் கம்ப்யூட்டரும் தொழிலும் கெட்டன என்று கோர்ட்டுக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார். ஜூன் மாதக் கடைசியில்தான் பெருக்கல் குறிக்கு அதன் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு சொல்லின் அர்த்தத்தை மாற்றுவது என்பது எழுத்துத் தொழிலில் இருக்கிறவனுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றாது.

இதிலே நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அரை மணி நேரம் தடவினால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள். எழுபது தாண்டியவள். ஆங்கிலம் தெரியாது. தமிழிலும் மளிகைக் கணக்குப் படிக்கிற அளவுதான். அவளுடைய பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். கைப்பேசியில் அவன் முகத்தைப் பார்த்துப் பேச மூன்று மாதம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டாள். அவள் படித்தது எழுத்தை அல்ல, இடத்தை. 'மேலே, வலது கைப் பக்கம், ரெண்டாவது' என்பது அவளுடைய படிப்பு. ஒருநாள் காலையில் மேலே இருந்ததெல்லாம் கீழே வந்து உட்கார்ந்திருந்தன. நடுவில் முன்பின் பார்த்திராத ஒரு வட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலைடா. தொடக்கூட இல்லை. நேத்து வச்ச இடத்துலே இல்லேடா" என்று போனில் என்னிடம் சொன்னாள். தான் எதையோ உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் பிள்ளையிடம் பேசவில்லை. கைப்பேசியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்தச் செயலியை வரைந்தவருக்கு இது தெரியுமா? அவருடைய மேஜையில் இது எப்படிப் பதிவாகியிருக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். என் சிநேகிதர் ஒருவரின் மகன் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். புத்திசாலி, நல்ல பையன். "நாங்க மனசுக்குத் தோணினபடி மாத்தறதில்லை மாமா, கணக்குப் பார்த்துத்தான் மாத்தறோம். புதுப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தறாங்கன்னு நம்பர் வரும்" என்றான். பழைய பொத்தான் இருந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டு, தவறி அழுத்துகிறவனையும் சேர்த்து எண்ணினால் நம்பர் வராமல் என்ன செய்யும் என்று கேட்டேன். சிரித்தான். பெரியம்மா அந்த மினுக்கு வட்டத்தை எட்டுத் தடவை அழுத்தியிருக்கிறாள். கணக்கில் அது அபாரமான வரவேற்பு. அலமாரிக்குள் துணி சுற்றிக் கிடந்த இரண்டு வாரத்துக்கு எந்தக் கட்டத்திலும் பெயர் இல்லை.

எனக்குத் தெரிந்த டி.டி.பி. கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், இரங்கல் அட்டை எல்லாம் அடிக்கிற கடை. இன்னும் பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்பில்தான் வேலை. 2001-இல் வந்தது, அடோபி கம்பெனி அதைக் கைவிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அதற்கென்றே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதில் இன்டர்நெட் ஒயரைச் சொருகவே விடமாட்டார். பையன்கள் கேலி செய்வார்கள். "இந்த ஒண்ணுதான் ஸார், ராத்திரி பூட்டிட்டுப் போனா காலையிலே அப்படியே இருக்குது" என்றார் என்னிடம். அவருக்குப் புதியதன் மேல் துவேஷம் கிடையாது. முகூர்த்த நாள் நெருங்குகிறபோது அவர் கை தேடாமல் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2013-க்குப் பிறகு அந்தக் கம்பெனி தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை விற்பதை விட்டுவிட்டுச் சந்தாவுக்குத்தான் கொடுக்கிறது. தச்சனுக்கு உளியை மாத வாடகைக்குக் கொடுத்து, பிடியின் வடிவத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தால் கதவு எப்படி அமையும்?

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். சிநேகிதர் மகன் சொன்னான்: "அப்டேட் வேண்டாம்னு சொல்றது ஆபத்து மாமா. ஓட்டை இருந்தா திருடன் வருவான்." முழுக்க உண்மை. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற கிருமி உலகத்தைச் சுற்றியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்கிற மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். அவசரமாகப் போட்ட மருந்தே விஷமான கதையும் உண்டு: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு திருத்தத்தால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் நீலம் பாரித்து விழுந்தன, நம் நாட்டு விமான நிலையங்களில் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இருந்தாலும் அதைக் காட்டி நான் வாதாட மாட்டேன். ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். அடிக்கடி அடைக்க வேண்டும்.

ஆனால் ஒழுகுகிற குழாயை அடைக்க வந்த ஆள், போகிற போக்கில் அடுப்பைக் கூடத்துக்கும் ஊஞ்சலைச் சமையலறைக்கும் மாற்றிவிட்டுப் போனால், 'குழாய் அடைத்தது வேண்டாமா?' என்று கேட்பது பதிலாகுமா? பழுது பார்ப்பது வேறு, வீட்டை மாற்றிக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 'புதுப்பிப்பு' என்று ஒரே சீட்டை ஒட்டி அனுப்புகிறார்களே, மோசடி அங்கேதான் இருக்கிறது. கட்டின பலன் என்ன? வீடு மாறிவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் குழாய்க்காரனையும் உள்ளே விடுவதில்லை. டி.டி.பி. கடைக்காரர் ஒயரைச் சொருக மாட்டேன் என்கிறாரே, அவரைத் திருடனுக்குத் திறந்துபோட்டது யார்? பெரியம்மா இப்போதெல்லாம் 'புதுப்பிப்பு' என்ற சொல்லைப் பார்த்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அவளுக்கு அந்த அச்சத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பாதுகாப்பைப் பற்றி உபந்நியாசம் செய்கிறார்கள்.

'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கம்ப்யூட்டர்களைப் பார்த்து விண்டோஸ் 11 'உனக்குக் கிடையாது' என்று சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்குத் தந்த வழக்கமான ஆதரவையும் நிறுத்தினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ சின்ன ஆபீசுகளும் பள்ளிக்கூடங்களும் விழித்தன. நாம் மறுத்தால் 'பிறகு நினைவூட்டு', அவர்கள் மறுத்தால் மறுத்ததுதான்.

நம் சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'டார்க் பேட்டர்ன்' என்று ஆங்கிலத்தில் 2010 முதல் ஒரு பெயர் வழங்குகிறது. திரையின் அமைப்பாலேயே ஆளை ஏமாற்றுகிற உபாயங்களுக்கு வைத்த பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அப்படிப்பட்ட 13 உபாயங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. அதில் ஒன்று நச்சரிப்பு. 'வேண்டாம்' என்று சொல்ல வழி வைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்கு ஓர் உதாரணமாகவே அங்கே எழுதப்பட்டிருக்கிறது. படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா என்னைப் போலவே அந்தச் சதுரத்தின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த விதி, சாமானும் சேவையும் விற்கிற வலைத்தளங்களையும் விளம்பரக்காரர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. என் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சதுரம் மாத்திரம் இன்றுவரை அசையவில்லை.

'அப்படியெல்லாம் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னியது' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பின்னல் எவ்வளவு கெட்டி என்பது 2024 மார்ச்சில் தெரிந்துபோயிற்று. ஐரோப்பாவில் பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. விண்டோஸோடு கூடவே வந்து, நீக்க வழியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எட்ஜ்' என்ற உலாவியை அங்கே இருக்கிறவர்கள் இப்போது நீக்கிவிடலாம். பாரிஸில் இருப்பவருக்கு அந்தப் பொத்தான் வேலை செய்கிறது. மதுரையில் இருப்பவருக்கு அதே இடத்தில் அது வேலை செய்யாது. மென்பொருள் ஒன்றுதான். கொடுக்கிற கம்பெனியும் ஒன்றுதான்.

சிநேகிதர் மகனிடம் இதைக் கேட்டேன். ஒரே விண்டோஸ்தானே, இங்கே மட்டும் ஏன் முடியாது, இரண்டு தடவை தனித்தனியாகச் செய்கிறார்களா?

"அதெல்லாம் இல்லை மாமா. செஞ்சு உள்ளேயேதான் வச்சிருக்காங்க. கம்ப்யூட்டரை முதல்லே திறக்கும்போது எந்த நாடுன்னு கேட்குமில்லே? நீங்க இந்தியான்னு சொல்லியிருப்பீங்க" என்றான்.